காதை மூடாத ஹெட்போனும் மூன்று செல்லப்பிராணிகளும்: 14 மாத அனுபவம்

இசை நாடகத்தின் மேடைப் பதிவு ஒன்றைப் பார்த்து முடித்து, புறச்சத்தத்தை அடியோடு அடக்கிவிடும் பெரிய ஹெட்போனைக் கழற்றி மேசைமீது வைத்தபோதுதான், துணி அலமாரிக்குள்ளிருந்து அந்தக் குரல் என் காதில் விழுந்தது. துண்டு எடுப்பதற்காக நான் கதவைத் திறந்த நொடியில் உள்ளே நுழைந்துவிட்ட என் பூனை சிட்டு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருட்டுக்குள் கத்திக் கத்தித் தொண்டை கம்மிப் போயிருந்தாள். அலமாரியின் முன்னால் என் நாய் மணி படுத்திருந்தான். முதல் அங்கத்தின் நடுவில் ஒருமுறையும் இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் ஒருமுறையும் அவன் என்னிடம் வந்து முழங்காலை மூக்கால் இடித்ததும், நான் பாட்டில் மூழ்கியபடியே அவன் தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பிவிட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நாய் இரண்டு முறை வந்து சொல்லியும் எனக்குப் புரியாமல் போனது பல நாள் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. அந்த வாரமே காதை மூடாத ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். 14 மாதங்களாக நாள் தவறாமல் பயன்படுத்திவரும் அந்தக் கருவியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

நான் வாங்கியது எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகை. காதுத் துளைக்குள் எதுவும் நுழைவதில்லை. கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இரண்டு திண்டுகள் காதுக்கு முன்னால், கன்ன எலும்பின்மேல் படிந்து நிற்க, சிலிக்கோன் உறை போர்த்திய டைட்டானியம் பட்டை ஒன்று பிடரியைச் சுற்றி அவற்றை இணைக்கிறது. எடை 30 கிராமுக்கும் குறைவு. சாதாரண ஹெட்போன் காற்றை அசைத்து, அந்த அசைவு செவிப்பறையையும் நடுச்செவியின் மூன்று சிறிய எலும்புகளையும் கடந்து உட்செவியைச் சேர்கிறது. இந்தக் கருவியோ மண்டையோட்டை நேரடியாக மெல்ல அதிரச் செய்து, அந்த வழி முழுவதையும் தாண்டி உட்செவிக்கே ஒலியைக் கொண்டுபோகிறது. நம் குரலைப் பதிவு செய்து கேட்டால் வேறு யாரோ பேசுவதுபோல் இருப்பதற்குக் காரணமும் இதுதான்: பேசும்போது நம் குரலின் ஒரு பங்கு எலும்பு வழியாகவும் உள்ளே போகிறது, பதிவில் அந்தப் பங்கு இருப்பதில்லை. இந்த வகைக் கருவிகளுக்குப் பொதுவான குணங்களைப் பற்றியே எழுத விரும்புவதால், தயாரித்த நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

இசை நாடக ரசிகர் முதலில் கேட்பது, இதில் பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதாகத்தான் இருக்கும். இசை நாடகத்தில் பாட்டுதான் கதையை நகர்த்துகிறது. ஒரு வரி நழுவினால் ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதே விளங்காமல் போய்விடும். அந்த வகையில் இந்தக் கருவி எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. மனிதக் குரல் புழங்கும் நடுத்தர அதிர்வெண்களை எலும்பு வழி நன்றாகவே கடத்துகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டதாகச் சொல்லப்படும் ‘ஹாமில்டன்’ நாடகத்தின் 46 தடங்களையும், பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, பூனைக்கு முடி வாருவது என்று மூன்று நாள் வேலைகளுக்கிடையே கேட்டேன். மிக விரைவாகச் சொல்லப்படும் இடங்களில்கூட ஒரு சொல்லும் மங்கவில்லை. ஆனால் ‘லே மிஸரப்ல’ முதல் அங்கத்தின் முடிவில், பாத்திரங்கள் ஒவ்வொருவரும் தத்தம் மெட்டைப் பாடிக்கொண்டே ஒன்றுசேரும் அந்தப் பெரிய பாடலில் குறை தெரிந்தது. பழைய ஹெட்போனில் இவர் இடப்பக்கம், அவர் பின்னால், கூட்டம் வலப்பக்கம் என்று கண்ணை மூடினால் மேடையே விரியும். இதில் எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்று பாடுவதுபோல் இருக்கிறது. குரல்களைப் பிரித்தறிய முடிகிறது, ஆனால் அவர்களுக்கிடையே இருந்த வெளி காணாமல் போய்விடுகிறது.

தாழ்ந்த சுருதிகள் இதன் உண்மையான பலவீனம். ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’வின் தொடக்க இசையில் ஆர்கன் வாத்தியம் இறங்கி வரும்போது அது ஒலியாக வந்து சேர்வதைவிடக் கன்னத்தில் ஒரு கூச்சமாகவே வந்து சேர்கிறது. முதல் வாரம் திண்டுகளைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியுடன் தந்த பஞ்சு அடைப்பான்களைக் காதில் செருகிக்கொண்டால் தாழ்ந்த சுருதி வியக்கத்தக்க அளவில் திரண்டு வருகிறது. காதுத் துளை மூடப்படும்போது எலும்பு வழி வந்த தாழ்ந்த அதிர்வுகள் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுவதுதான் காரணம். ஆனால் அடைப்பானைச் செருகிய மறுகணம் நான் எந்த நோக்கத்துக்காக இதை வாங்கினேனோ அது பாழாகிவிடுகிறது. எனவே, பாடல் இல்லாத தொடக்க இசையையும் நடனக் காட்சிகளின் இசையையும் முழுமையாகக் கேட்க வேண்டுமானால், வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரம் பார்த்துப் பழைய ஹெட்போனையே எடுக்கிறேன்.

அப்படியானால் ஒலித்தரத்தில் ஒரு படி குறைந்த கருவியை ஏன் இவ்வளவு விரும்புகிறேன் என்பதைச் சொல்ல, முத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்து ஒன்பது வயது ஆண் பூனை. அவன் மணல் தொட்டிக்குப் போனால் கேட்கும் ஓசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு: நான்கைந்து பிறாண்டல், பிறகு அமைதி, பிறகு மூடுவதற்காக நிதானமான நீண்ட பிறாண்டல்கள், கடைசியில் தரையில் குதிக்கும் மெல்லிய தொம். கருவி வாங்கி ஐந்தாவது மாதம் ஓர் இரவில், நான் சோபாவில் சாய்ந்து ஒரு மெதுவான தனிப்பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து பிறாண்டல் கேட்டது, அமைதி கேட்டது, ஆனால் மூடும் ஓசை வரவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே. மூன்றாம் முறை, அமைதிக்கு நடுவே அடித்தொண்டையிலிருந்து ஒரு சிறு முனகல் வந்தது. பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். மணல் காய்ந்து கிடந்தது. முத்து தொட்டியின் விளிம்பில் குந்தியபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

ஆண் பூனைகளின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகங்களோ சளிபோன்ற அடைப்போ அதில் சிக்கிக்கொண்டால் சிறுநீர் தேங்கி, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அன்றிரவே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடைப்பு உறுதியாயிற்று; குழாய் செருகி நீக்கினார்கள்; மூன்று நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் சிறுநீரகத்துக்குக் கேடு வரவில்லை என்று மருத்துவர் சொன்னார். அன்று என் காதுகள் மூடியிருந்தால் மறுநாள் காலையில் மணலை அள்ளும்போதுதான் எனக்குச் செய்தி தெரிந்திருக்கும். ஒரு கருவியை மதிப்பிடுகையில் இதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் கணக்கில் அந்த ஓர் இரவே இதன் குறைகள் அனைத்தையும் ஈடு செய்துவிட்டது.

அவ்வளவு பெரிய நிகழ்ச்சிகள் இல்லாத நாட்களிலும் வீட்டின் ஓசைகள் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சிட்டு முடிக்கட்டியைக் கக்குவதற்கு முன் வயிறு உள்வாங்கி எழும்பும் அந்த விக்கல் போன்ற ஓசை, அவளைக் கம்பளத்திலிருந்து தரைக்கு நகர்த்தப் பத்து நொடி அவகாசம் தருகிறது. காலியான தண்ணீர்க் கிண்ணத்தை மணி நக்கும்போது எழும் வறண்ட உலோக ஓசையும், வாசற்கதவருகே அவன் நகங்கள் தரையில் மாறி மாறித் தட்டும் ஓசையும், இப்போது எனக்குப் பாட்டோடு சேர்த்தே கேட்கின்றன. தொடக்கத்தில் இவை கவனத்தைச் சிதறடிக்கும் என்று அஞ்சினேன். உண்மையில், ஏதோ கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறதோ என்ற பதற்றம் அகன்ற பிறகுதான் பாட்டில் மனம் முழுமையாக ஊன்றியது.

விலங்குகளோடு வாழ்பவர் ஓர் அங்கத்தை ஒரே மூச்சில் கேட்டுவிட முடியாது என்பது இன்னொரு உண்மை. கதவு திறக்க வேண்டும், கிண்ணம் நிரப்ப வேண்டும், சண்டை விலக்க வேண்டும். இடப்பக்கத் திண்டின் வெளிப்புறத்தில் இருக்கும் பெரிய பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பாட்டு நிற்கிறது, இன்னொரு தடவை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஈரக் கையாலும் முழங்கையாலும்கூட அழுத்தலாம். தொடுதிரை போன்ற பொத்தான் வைத்த மாதிரிகளை வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். பூனையின் வால் உரசினாலே அவை அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகின்றன. துண்டு துண்டாகக் கேட்பதை இப்போதெல்லாம் நான் ஓர் இழப்பாக நினைப்பதில்லை. 1943இல் ‘ஓக்லஹோமா!’ நடிகர்களின் குரலிலேயே டெக்கா நிறுவனம் வெளியிட்ட பதிவு, பக்கத்துக்கு மூன்று நிமிடம் மட்டுமே பிடிக்கும் இசைத்தட்டுகளில்தான் வந்தது. 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வரும்வரை, தொலைவில் இருந்த ரசிகர்கள் எழுந்து எழுந்து தட்டைத் திருப்பித்தான் நாடகத்தின் பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

நாய்க்கும் பூனைக்கும் இந்தக் கருவியால் தொந்தரவு உண்டா என்ற கேள்வி நியாயமானது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 40,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கிறது. நமக்கு எட்டாத மிக மெல்லிய ஓசைகளும் அவற்றுக்கு எட்டும். எலும்பு வழிக் கருவி வெளியே ஒலியைக் கசியவிடாது என்று விளம்பரங்கள் சொல்வது முழு உண்மை அல்ல. திண்டு அதிரும்போது சுற்றியுள்ள காற்றும் சிறிது அதிரவே செய்கிறது. சிட்டு என் தோள்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவள். ஒலியளவு பாதியைத் தாண்டினால் திண்டின் பக்கமுள்ள அவள் காது தனியே பின்னோக்கித் திரும்பி விறைத்து நிற்கும். இன்னும் கூட்டினால் எழுந்து போய்விடுவாள். பாதிக்கும் கீழே வைத்தால் அந்தக் காது தளர்ந்து, மூச்சின் வேகத்தில் மட்டும் அசைகிறது. ஒலியளவை எங்கே நிறுத்துவது என்பதை நான் அந்தக் காதைப் பார்த்தே முடிவு செய்கிறேன். ஸ்பீக்கரில் வைத்துக் கேட்ட காலத்தில், உச்ச சுருதியில் நீண்டு நிற்கும் பெண் குரல் வரும்போதெல்லாம் மணி தலையை உயர்த்தி ஊளையிடத் தொடங்குவான், முத்து கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். அந்தத் துன்பம் இப்போது மூவருக்கும் இல்லை.

கூடவே பாடுகிறவர்களுக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்று இருக்கிறது. காதை அடைக்கும் கருவியை மாட்டிக்கொண்டு பாடினால் நம் குரல் தலைக்குள் உருண்டு முழங்கி, சுருதி சேர்கிறதா என்பதே தெரியாது. இதில் வாத்திய இசை எலும்பு வழியாகவும், என் குரல் அறையின் காற்று வழியாகவும் வந்து சேர்வதால், எங்கே தாழ்கிறேன், எங்கே இழுத்துவிடுகிறேன் என்பது துல்லியமாகக் கேட்கிறது. மணிக்கு வாத்தியம் கேட்பதில்லை. என் குரல் மட்டும்தான் கேட்கிறது. நான் பாடத் தொடங்கியதும் எங்கிருந்தாலும் வந்து, என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்கிறான். அந்தத் தாடையின் எடைக்காகவே சில பாடல்களை இரண்டாம் முறையும் பாடியிருக்கிறேன்.

நடைப்பயிற்சியின்போது இதன் அருமை இன்னும் கூடுகிறது. பின்னால் வரும் மிதிவண்டியின் மணி, அவிழ்ந்து திரியும் இன்னொரு நாயின் மூச்சிரைப்பு, மணியின் கழுத்துப்பட்டை வளையம் அசையும் ஓசை ஆகிய எல்லாமே கேட்பதால், கயிற்றைப் பிடித்திருக்கும் கை முன்னதாகவே தயாராகிவிடுகிறது. இரைச்சல் மிகுந்த பெரிய சாலையில் மட்டும் பாட்டு வாகன ஓசையில் மூழ்கிவிடும். அங்கே ஒலியைக் கூட்டுவதைவிட நிறுத்திவிடுவதே சரி. விடியற்காலை அமைதியில் நான் அடிக்கடி கேட்பது 1977இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய ‘ஆனி’. பெற்றோரைத் தேடி ஓடும் சிறுமி தெருவில் கண்டெடுத்த நாயைப் பார்த்து, நாளை விடியும் என்று பாடும் இடம் அதில் உண்டு. அந்த நாயின் வேடத்தில் மேடை ஏறியது உண்மையான நாய். பயிற்சியாளர் பில் பெர்லோனி அதை ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து மீட்டுவந்து பழக்கினார். மணியும் காப்பகத்திலிருந்து வந்தவன்தான். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது, எனக்கு முன்னால் வாலை உயர்த்திக்கொண்டு நடக்கும் அவனைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு முறை சார்ஜ் செய்தால் ஏறக்குறைய எட்டு மணி நேரம், அதாவது மூன்று முழு நாடகங்கள் ஓடுகின்றன. 14 மாதம் கழிந்த பிறகும் இதில் பெரிய சரிவு இல்லை. ப்ளூடூத் இணைப்பு ஒரே அறையில் உறுதியாக இருக்கிறது, இரண்டு சுவர் குறுக்கே வந்தால் விக்குகிறது. சிலிக்கோன் உறையில் முடி காந்தம்போல் ஒட்டிக்கொள்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் என்றாலும் நாள்தோறும் துடைக்க வேண்டியிருக்கிறது. பூனைகளுக்கு அந்த உறையின் மென்மை மிகவும் பிடித்துவிட்டது என்பதுதான் பெரிய சிக்கல். வலப்பக்க வளைவில் சிட்டுவின் பற்கள் நான்கு புள்ளிகளாகப் பதிந்திருக்கின்றன. கடித்துத் துண்டான சிலிக்கோனை விழுங்கிவிட்டால் குடலில் அடைப்பு ஏற்படக்கூடும் என்பதால், கழற்றியதும் மூடியுள்ள பெட்டிக்குள் வைப்பதை வீட்டில் எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டேன்.

சார்ஜ் செய்யும் கேபிள் விஷயத்தில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. இந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் காந்த முனையுடைய கேபிள் ஒன்றே பெட்டியில் வந்தது; அதையும் ஏழாம் மாதத்தில் முத்து கடித்து அறுத்துவிட்டான். மாற்றுக் கேபிளுக்கு நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு மூன்று முறை எழுதி, மூன்று வாரம் காத்திருந்தேன். முதல் இரண்டு பதில்களும் நான் கேட்டதைப் படிக்காமலேயே அனுப்பப்பட்டவை. எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண டைப்-சி முனையுடன் வரும் மாதிரிகள் இப்போது சந்தையில் இருக்கின்றன. விலங்குகள் உள்ள வீட்டுக்கு அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

செவிப்பறையைத் தொடாததால் காதுக்குக் கேடே இல்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அதிர்வு போய்ச் சேர்வது அதே உட்செவிக்குத்தான். அங்குள்ள நுண்ணிய உணர்முடிகள் சேதமுற்றால் மறுபடி வளர்வதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. நாள் முழுதும் பாட்டோடு இருக்க விரும்பும் என்னைப் போன்றவர்கள் ஒலியளவைத் தாழ்த்தியே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியின் ஆழத்துக்காக மட்டும் ஹெட்போன் வாங்குபவர் இதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். வீட்டில் வாயில்லா ஜீவன் ஒன்று இருந்து, பாட்டின் சொற்களே உங்களுக்கு உயிர் என்றால், தயங்காமல் வாங்கலாம். சென்ற மாதம் என் தங்கைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் வீட்டில் வயதான நாய் ஒன்று இருக்கிறது. பார்வை மங்கிவிட்டதால் இரவில் சுவரில் மோதிக்கொண்டு நின்றுவிடும், குரைக்காது, மெல்ல ஒருமுறை மூச்சை மட்டும் இழுத்துவிடும். பக்கத்து அறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த மூச்சு தனக்குக் கேட்டதாக முதல் வாரத்திலேயே தொலைபேசியில் சொன்னாள்.